பரிமளக்காவின் அரை மணித்தியாலம்

போன கிழமை கிளினிக்கில் என் இலக்கம் வரும்வரை வாங்கில் குந்தியிருந்தேன். சீனி வருத்தக்காரருக்கு மாதம் ஒருமுறை இந்தத் தவம். அப்போது ஓர் இளம் தாதி வரிசை வரிசையாக எல்லோர் கையிலும் ஒரு தாளைத் திணித்துக்கொண்டு வந்தாள். "வாசிச்சுப் பாருங்கோ அம்மா, ஒவ்வொரு நாளும் செய்தால் மனம் சந்தோசமாய் இருக்கும்" என்றாள். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசித்தேன். மகிழ்ச்சியாக வாழச் சில எளிய பழக்கங்களாம். காலையில் எழும்பியதும் கொஞ்ச நேரம் பேசாமல் அமைதியாக இருக்க வேண்டும். பகலில் சிறிது நேரம் மரநிழலிலோ தண்ணீர்க் கரையிலோ இருக்க வேண்டும். வீட்டில் இருந்தாலும் துப்புரவாக உடுத்த வேண்டும். சாப்பிடும்போது குடும்பத்தோடு கூடிக் கதைக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்தவள் தாளை மடித்து விசிறத் தொடங்கிவிட்டாள். எனக்கோ, உங்களுக்குச் சொல்வதற்கென்ன, கோபம் வந்தது. இதெல்லாம் பரிமளக்காவின் சாமான்கள். நாலுபேர் பார்க்கத் தாளில் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கிறார்களே என்று நெஞ்சு எரிந்தது. எண்பது தாண்டியும் போகாத எரிச்சல். அது எங்கே தொடங்கியது என்று சொன்னால், என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் நல்ல எண்ணம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

அந்தக் கிளினிக்கில் நிலம் கழுவும் மருந்தின் வாடை இருக்கிறதே, அது மூக்கில் பட்டவுடன் எனக்கு மலேரியா மருந்து அடிக்க வருபவர்களின் ஞாபகம்தான் வரும். முரசுமோட்டையில் குடியேற்றக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்த புதிதில், அவர்கள் முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். சட்டி பானை, பாய், உடுப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து முற்றத்தில் போட்டுவிட்டு, சுவரெல்லாம் வெள்ளையாய் வடியுமட்டும் வெயிலில் நிற்க வேண்டும். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத எனக்கு, என் சாமான்களெல்லாம் ஊரார் பார்க்க முற்றத்தில் கிடப்பது பெரிய அவமானமாக இருந்தது. ஓட்டைப் பாயை மறைப்பதா, கரி பிடித்த சட்டியை மறைப்பதா என்று அந்தரப்பட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால், பக்கத்து வளவில், என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் தன் சாமான்களுக்கு நடுவே உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறியிருந்து, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு வந்து குந்தியிருப்பவர்போல. "அக்கா, எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டேன். கோப்பை முடிந்து, அடியில் கிடந்த இலைத்தூளை மண்ணில் ஊற்றிய பிறகுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"குறை நினையாதை பிள்ளை. தேத்தண்ணி முடியுமட்டும் நான் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை."

அவர்தான் பரிமளக்கா.

நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அந்தக் குடியேற்றத்தில் அது ஒரு பட்டம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுப்பேன். அந்த நினைப்பில், இவ என்ன பெரிய மகாராணியோ என்று முதல்நாளே மனதில் ஒரு முள் ஏறிவிட்டது. பிறகு பழகிப் பார்த்தால் பரிமளக்கா நல்ல மனுசி. பிட்டு அவித்தால் ஒரு குழல் எங்களுக்கும் வரும். என் மகன் பிறந்தபோது முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியுமட்டும் சுடுதண்ணீர் வைத்துத் தந்தவர் அவர்தான். நல்ல மனுசியின் மீது பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கெட்டவள் என்றால் ஒரு சாட்டாவது கிடைக்கும்.

எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே அளவு காணி. சொல்லப்போனால் அவர்களுடையது மட்டமானது. வாய்க்கால் முதலில் எங்கள் வயலைத் தொட்டுவிட்டுத்தான் அவர்களிடம் போகும். அவர்களின் வயலில் ஒரு மூலை உவர் வேறு. வீடும் எங்களைப்போல மண்வீடுதான். அவருடைய கணவர் நல்லதம்பி அண்ணை முன்கோபக்காரர். இரண்டு பெட்டைகள், ஒருத்திக்கு எப்போதும் மூக்கு வடிந்தபடி. இதில் சந்தோசப்பட என்ன இருக்கிறது என்று நான் கணக்குப் பார்ப்பேன். ஒன்றும் தேறாது. ஆனால் அந்த வளவிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

எனவே உளவு பார்க்கத் தொடங்கினேன். வேலியில் கிடுகு இற்றுப்போன ஓர் இடம் எனக்கு வசதியாக இருந்தது.

காலைத் தேத்தண்ணீரைச் சொல்லிவிட்டேன். வேலியோரம் நின்று வயலைப் பார்த்துக்கொண்டு குடிப்பார். அந்த நேரம் பெட்டைகள் அழுதாலும் திரும்ப மாட்டார், நல்லதம்பி அண்ணை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பின்னேரம் ஐந்து மணிக்கு முகம் கழுவி, தோய்த்துக் காயவைத்த சீலை ஒன்றை உடுத்து, முற்றத்து நித்தியகல்யாணியில் ஒரு பூவைப் பிடுங்கிக் கொண்டையில் செருகுவார். கோயிலுக்கும் இல்லை, ஓரிடமும் இல்லை. பிறகு குசினிக்குள் போய் அடுப்பு ஊதுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆர் அக்கா வரப்போகினம், இப்பிடி வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

"ஆர் வரவேணும்? நான் இருக்கிறன்தானே."

இராச் சாப்பாட்டை அவர்கள் பொழுதுபடும்போதே முற்றத்தில் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுமுன் பரிமளக்கா ஒவ்வொருவரையும் கேட்பார்: "சொல்லுங்கோ பாப்பம், இண்டைக்கு என்ன புதினம் கண்டனீங்கள்?" ஆளுக்கொரு புதினம் சொன்னால்தான் கறி. மூத்தவள் அணிலைச் சொல்வாள். சின்னவள் அக்கா சொன்னதையே திருப்பிச் சொல்வாள். முன்கோபக்கார நல்லதம்பி அண்ணைகூட, "உடும்பு ஒண்டு வரம்பிலை நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டுது, நானும் பாத்தன், ரெண்டுபேருக்கும் வெக்கம் வந்திட்டுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். உடும்புக்கு என்ன வெட்கம்? ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் சிரிப்பு வந்து, அதை அடக்கியதில் விக்கல் எடுத்தது.

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரே மாட்டுவண்டியில் போனோம். வண்டிக்குள்ளும் அதே விளையாட்டு. என் முறை வந்தபோது, "எனக்கு ஒண்டும் இல்லை" என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தனை மைல் தூரம் காட்டுப் பாதையால் வந்தும், பரிமளக்காவின் முகத்தைத் தவிர நான் வேறொன்றையும் பார்க்கவில்லை.

பார்த்துப் பழகலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கோப்பையோடு வேலியோரம் போய் நின்றேன். முசுறெறும்பு காலில் ஏறியது, கோப்பை விழுந்தது. இரண்டாம் நாள் மகன் அழுதான், ஓடிவிட்டேன். பின்னேரம் சீலை மாற்றிப் பூ வைத்தேன். என் கணவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கோயிலுக்கே போறீர்? சொல்லேல்லையே" என்றார். இல்லை, சும்மாதான் என்றேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சாப்பாடு போடும்போது, குரலை இனிமையாக்கிக்கொண்டு, "இண்டைக்கு என்ன புதினம்?" என்றேன். கையில் எடுத்த கவளத்தோடு பயந்துபோய், "ஏன், ஆரும் செத்துப்போச்சினமே?" என்று கேட்டார்.

அதோடு விட்டுவிட்டேன். சிலருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது, நமக்கு இல்லை என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டினால் எரிச்சல் இன்னும் கூடும் என்பது அப்போது தெரியவில்லை.

ஆனால் பரிமளக்காவின் பழக்கங்களில் எனக்கு ஆற்ற முடியாதது மத்தியான அரை மணித்தியாலம்தான். வாய்க்கால் எங்கள் இரு வயல்களுக்கும் வருமுன் ஒரு பெரிய மருதமரத்தின் வேரைச் சுற்றிக்கொண்டு வரும். வயலுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தபிறகு, பரிமளக்கா அந்த வேரில் போய் இருந்து, சீலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு இரண்டு காலையும் தண்ணீருக்குள் விடுவார். கண்ணை மூடுவார். நித்திரை இல்லை, இடைக்கிடை கால் விரல் மாத்திரம் அசையும். நாங்கள் எல்லாம் புல்லுப் பிடுங்கி முதுகு முறியும் நேரத்தில் ஒருத்தி தண்ணீரில் கால் விட்டுக்கொண்டு இருப்பாள்! அந்த அரை மணித்தியாலத்தில் யாரும் அவரைக் கூப்பிடுவதும் இல்லை. எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

அந்த வருடம், கோடை விதைப்பான சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. எட்டு நாளைக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு வயலுக்கும் முறை. அவர்களின் முறை விடியற்காலையிலிருந்து பின்னேரம்வரை. அது முடிய எங்களுக்கு. வரம்பில் தண்ணீர் புகவிடும் வாயை நாங்கள் வக்கடை என்போம். மற்றவர் முறையில் நம் வக்கடையை மண் போட்டு இறுக்கி அடைத்து வைக்க வேண்டும். யாரும் காவல் நிற்பதில்லை. அது ஒரு மானப் பிரச்சினை. தண்ணீர் களவெடுத்தவன் என்று பெயர் வந்தால், அந்தக் குடியேற்றத்தில் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.

நெல் குடலை தள்ளும், இளங்கதிர் வெளியே வரும் பருவம். நல்லதம்பி அண்ணையின் தகப்பன் வடமராட்சியில் பாயில் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்து, அண்ணை அங்கே போய்விட்டார். வயலைப் பரிமளக்கா தனியே பார்த்தார். அவர்களின் முறைக்கு முதல்நாள் பின்னேரம் நான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். உப்பும் புளியும் நன்றாக அமைந்த நாள். அண்ணை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் வழக்கம்போலப் புதினம் நடந்து, தாயும் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி வேலிப்பக்கம் காதைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"என்ன சிரிப்பு பாரும்! அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாக் கறியே தேவையில்லை."

வஞ்சகமில்லாத மனுசன். என்னைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் என் கத்தரிக்காய்க் குழம்பு அந்த நேரத்திலேயே செத்துவிட்டது.

அடுத்தநாள் மத்தியானம், என் கணவர் சாப்பிட்டுப் பாயில் சரிந்தார். சரிந்தால் கூரை விழுந்தாலும் எழும்ப மாட்டார். மகனும் ஏணைத் தொட்டிலில் நித்திரை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். பரிமளக்கா மருதமர வேரில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மரம் மேலே, எங்கள் வக்கடை கீழே, அதற்கும் கீழே அவருடைய வயல். நான் எங்கள் வக்கடையில் நாலு கொத்துப் போட்டேன். மண் இளகியது. வாய்க்காலின் குறுக்கே இரண்டு மண்கட்டியை வைத்தேன். தண்ணீர் ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, பிறகு என் காலடியால் எங்கள் வயலுக்குள் திரும்பியது. மேலே அவருடைய காலில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கால் விரல் அசைந்ததை நான் கண்டேன். கீழே அவருடைய வயலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

சரியாக அரை மணித்தியாலம். அவர் எழும்பிச் சீலையைப் பிழியுமுன் நான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வீட்டில் இருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பாடிக்கொண்டு நெல்லுக் குத்தினேன். என் கணவர் எழும்பி வந்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அடுத்த முறையிலும் செய்தேன். அதற்கடுத்த முறையிலும் செய்தேன். அரை மணித்தியாலம் என்பது கடைசியில் ஒன்றரை மணித்தியாலமாகவும் ஆனது, ஏனென்றால் பரிமளக்கா மரத்தடியிலிருந்து எழும்பி நேரே வீட்டுக்குப் போவார். அவருடைய வயலின் தூரத்து மூலையில் தண்ணீர் ஏறவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. "குளத்திலை தண்ணியில்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம் பிள்ளை, என்ன செய்யிறது" என்று என்னிடமே சொன்னார். ஓம் அக்கா என்றேன்.

எங்கள் நெல் கரும்பச்சையாக நின்றது. "இந்தமுறை எங்கடை பக்கம் தண்ணி நல்லாய்த்தான் வந்திருக்கு" என்றார் என் கணவர்.

நல்லதம்பி அண்ணை தகப்பனின் காரியங்களை முடித்துக்கொண்டு மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவர், வயலைப் போய்ப் பார்த்தார். தூரத்து மூலையில் நிலம் வெடித்திருந்தது. அங்கே குடலை வெளியே வராமல் சுருண்டு நின்றது. அண்ணையின் சத்தம் எங்கள் குசினிக்குள் கேட்டது. வரம்பில் நின்ற நாலுபேருக்கும் கேட்டது.

"காலை நனைச்சுக்கொண்டு இருந்தா வயல் என்னெண்டு நனையும்? முறைத் தண்ணியைப் பாக்கச் சொல்லிவிட்டுப் போனன். இவ மரத்தடியிலை கொலுவிருந்திருக்கிறா!"

பரிமளக்காவுக்காக யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், ஒருவேளை நானும் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பேன். திறந்திருப்பேனா? தெரியாது.

அடுத்தநாள் மத்தியானம் அவர் மரத்தடிக்குப் போகவில்லை. வரம்பில் நின்று புல்லுப் பிடுங்கினார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். முதல் இரண்டு நாள் எனக்குத் திருப்திதான். இனித் தெரியும், எல்லாரும் ஒன்றுதான் என்று. பிறகு காலைத் தேத்தண்ணீர் நின்றது. அடுப்படியில் நின்று, பிள்ளைகளைக் கத்திக்கொண்டே குடிப்பது கேட்டது. பின்னேரச் சீலை போனது. நித்தியகல்யாணி பூத்துப் பூத்து முற்றத்தில் கொட்டிக்கிடந்தது. கடைசியாகப் புதினமும் போனது. பாய் விரிக்கவில்லை. குசினிக்குள் கோப்பைச் சத்தம் மாத்திரம். ஒருநாள் சின்னவள், "அம்மா, புதினம் கேக்கேல்லையோ?" என்றாள். "பேசாமல் தின்" என்ற குரல் பரிமளக்காவினுடையது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அது என் குரல்போல இருந்தது.

என் கணவர் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்த்தார். "பக்கத்து வளவு செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் பாதிச் சோற்றோடு எழும்பினார். நானும் சாப்பிடவில்லை. அத்தனை நாளும் நானும் அந்தச் சத்தத்தோடுதான் சோறு தின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பொறாமையென்றாலும் அது என் பின்னேரத்துக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை.

பத்து நாள் அப்படிப் போனது. எள்ளுருண்டை செய்து கொடுத்துப் பார்த்தேன். வாங்கி வைத்தார், அவ்வளவுதான். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். வைத்த பிறகுதான், நீதி கேட்டு ஊரையே எரித்த அம்மனிடம் போய் இந்தக் களவுக்கு நேர்த்தி வைக்கிறோமே என்ற பயம் பிடித்தது. அடுத்தநாள் காலை மகனின் உடம்பு சுட்டது. சாதாரணத் தடிமன் காய்ச்சல்தான். ஆனால் எனக்கு அது அம்மனின் பதிலாகத்தான் பட்டது.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே வயலுக்குப் போனேன். நல்லதம்பி அண்ணை வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். பரிமளக்கா பக்கத்தில் குனிந்து புல்லுப் பிடுங்கினார்.

"அண்ணை, அக்காவிலை பிழையில்லை. தண்ணியை நான்தான் மறிச்சனான். மூண்டு முறையும்."

அண்ணை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். முன்கோபக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டார்.

"ஏன் பிள்ளை? உங்கடை வயலுக்குத் தண்ணி காணாதே?"

"காணும்."

"பின்னை?"

பின்னை என்ன? உங்கள் பெண்சாதி சிரிக்கிறா, அதனால் என்று எப்படிச் சொல்வது? நான் மகனின் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். பரிமளக்கா நிமிர்ந்தார். என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கணவரிடம் சொன்னார்:

"அவளுக்கு எரிச்சல். விடுங்கோ, வேலையைப் பாருங்கோ."

திரும்பவும் குனிந்துவிட்டார். என் எரிச்சலை அவர் எப்போது கண்டுபிடித்து வைத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. ஆனால் எங்களுக்கு வரவேண்டிய அடுத்த இரண்டு முறைத் தண்ணீரையும் தன் கையால் மண்வெட்டி பிடித்து அவர்களின் வயலுக்குத் திருப்பிவிட்டார். மூலை நெல் பாதி பிழைத்தது. எங்களுடையதில் கொஞ்சம் மணி பிடிக்காமல் சாவியானது. பதினைந்து நாள் அவர் என்னோடு தேவைக்கு மாத்திரம் கதைத்தார். "உமக்கு நான் என்ன குறை வைச்சனான்?" என்று ஒருநாள் கேட்டார். அவருக்கு அது தன்மீது வந்த குற்றச்சாட்டாகப் பட்டிருக்கிறது.

நெல் அரிவி வெட்டு முடியுமட்டும் பரிமளக்கா என்னோடு கதைக்கவில்லை. பிட்டும் வரவில்லை. ஆனால் நல்லதம்பி அண்ணை ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "போய் இரன், ஏன் நிக்கிறாய்?" என்று அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பரிமளக்கா மரத்தடிக்குப் போனார். இருந்தார். நான் வீட்டுக்குள் ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் வேலியடியில் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வா. ஒண்டு கேக்கிறன். நான் சந்தோசத்திலைதான் அதிலை போய் இருக்கிறன் எண்டு நினைச்சனியோ?"

"ஓம் அக்கா."

"விசரி. காலமை கண் முழிச்சால் எனக்கு ஒருத்தரின்ரை முகத்தையும் பாக்கப் பிடிக்கிறேல்லை. நெஞ்சுக்குள்ளை ஒரு கல்லுக் கிடக்கும். அந்தத் தேத்தண்ணியிலைதான் அதைக் கரைக்கிறனான். மத்தியானம் அந்த அரை மணித்தியாலம் இல்லாட்டி இந்த மனுசனையும் பெட்டையளையும் நான் கடிச்சுத் திண்டுபோடுவன். பத்து நாள் கேட்டனிதானே, நான் கத்தினதை? அதுதான் நான். மற்றது, நான் ஒவ்வொரு நாளும் பாடுபட்டுச் செய்யிறது."

நான் பிறப்பு வரம் என்று நினைத்துப் பொறாமைப்பட்டது, அவர் ஒவ்வொரு நாளும் கிண்டிக் கிளறிப் பயிராக்கியது. களவெடுத்த தண்ணீரைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அதை நானும் செய்திருக்கலாம். முசுறெறும்பு கடித்ததும் விட்டுவிட்டேன்.

"நீயும் போய் இரன்" என்றார். "மரம் என்ன என்ரை சீதனமே?"

"ரெண்டுபேருமாய் இருப்பம் அக்கா."

"வேண்டாம். நீ கதைப்பாய். நான் எழும்பினாப் பிறகு வந்து இரு."

அப்படித்தான் நடந்தது. பிட்டுக் குழல் மெல்ல மெல்ல வேலி தாண்டி வரத் தொடங்கியது. மத்தியானத்தில் அவர் இருந்து எழும்பிப் போவார். அவர் வீட்டுப் படலை சாத்தும் சத்தம் கேட்க நான் போய் அதே வேரில் இருப்பேன். வேர் ஈரமாக இருக்கும். முதல் மாதம் எனக்கு எறும்பும் வெயிலும் நாளைக்கு அவிக்கும் குரக்கன் பிட்டும்தான் நினைவில் வந்தன. பிறகு ஒருநாள் ஒன்றுமே வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மீன்கொத்தி ஒன்று எதிர்க்கரையில் நின்றது. அன்றைக்கு இராச் சாப்பாட்டில் என் கணவரிடம் அதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாட்டுக் கன்று தன்னுடைய சால்வையைத் தின்ற கதையைச் சொன்னார். அது நடந்து மூன்று மாதமாம். கேட்க ஆளில்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவர் இருக்கும்போது தண்ணீர் கூடுதலாகக் குளிர்ந்திருக்கும் என்றுதான் எனக்கு எப்போதும் பட்டது. நல்ல நேரத்தை அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் தருகிறார் என்றும் சில நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் மண்வெட்டியைத் தொடவில்லை.

இப்படி எட்டு ஒன்பது வருடம். அறுபதுகளின் கடைசியில் மூத்த பெட்டைக்குப் புதுக்குடியிருப்பில் சம்பந்தம் சரிவந்தது. நல்லதம்பி அண்ணையின் ஈளை இழுப்பு வருத்தமும் கூடி, காணியை ஒன்றுவிட்ட தம்பியிடம் கொடுத்துவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றபோது பரிமளக்கா என் கையைப் பிடித்து, "இனி முழு நேரமும் உனக்குத்தான்" என்றார். அடுத்தநாள் மத்தியானம் நான் மரத்தடிக்குப் போனேன். யாரும் எழும்பிப் போகாத இடத்தில் எனக்கு இருக்கத் தெரியவில்லை. படலை சாத்தும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். பழக மூன்று நாலு மாதம் எடுத்தது.

பிறகு இரண்டு கலியாண வீட்டில் கண்டோம். பிறகு சண்டையில் எல்லோரும் எழும்பி ஓடிய காலம் வந்தது. எத்தனை தரம் ஓடினோம், எந்தெந்த மரத்தின் கீழே படுத்தோம் என்று வரிசையாகச் சொல்ல என்னால் ஏலாது. கடைசியாகத் திரும்பி வந்தபோது மருதமரம் இல்லை. அது நின்ற இடமும் தெரியவில்லை. வாய்க்காலுக்கு இப்போது சீமெந்துக் கரை. வக்கடைக்குப் பதிலாக இரும்புத் தகடு, பூட்டுப் போட்டது. கரை உயரமென்பதால் அதில் இருந்தால் காலும் எட்டாது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த வேலியையும் காணவில்லை. எது எங்களுடைய அடுப்படி, எது அவர்களுடைய முற்றம் என்று அடையாளம் பிடிக்க முடியாமல் பற்றை மூடியிருந்தது. என் கணவர் என்னோடு திரும்பி வரவில்லை. அவரை வழியில், பெயர் தெரியாத ஒரு காணியில், மழைக்குள் அவசரமாக மண்ணில் வைத்து மூடிவிட்டு வந்தோம். தேடிப் போனாலும் இடம் பிடிபடாது.

ஊருக்குத் திரும்பி வந்து ஓரிரு வருடத்துக்குப் பிறகு, புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்து குடியிருந்த ஒரு பெண்ணிடம் பரிமளக்காவைப் பற்றி விசாரித்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே அவருக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவளாம்.

"அவா இந்தக் கரைச்சல் எல்லாத்துக்கும் முந்தியே போயிட்டா அம்மா. சொந்த வீட்டிலை. மத்தியானம் குளிச்சுச் சாப்பிட்டுக் கட்டிலிலை சரிஞ்சவா, அப்பிடியே போயிட்டா. மகள்மார் ரெண்டுபேரும் பக்கத்திலை. பந்தல் போட்டு, மேளம் அடிச்சு, ஊர் முழுக்க வந்தது."

சொந்த வீடு, சொந்தக் கட்டில், பந்தல், மேளம், இரண்டு பிள்ளைகள். அவள் சொல்லச் சொல்ல, எனக்குள்ளே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்கூட எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். அழுகை அடுத்தநாள்தான் வந்தது.